போர்ச்சில் கட்டிய சாகா: ஒரு நிகழ்வு ஆய்வு

எதைப் பற்றி

சொந்தமாக ஒரு காடி (கார்) கட்டி ஓட்ட வேண்டும் என்று சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதில் தொடங்கியவர்கள் கொஞ்சம், முடித்தவர்கள் அதைவிடக் கொஞ்சம். இது முடித்த ஒருவரைப் பற்றியது. கோலாலம்பூர் செந்தூலில் ஒரு வரிசை வீட்டின் முன்னால் காடி நிறுத்தும் போர்ச்சில், ஒரு முதல் தலைமுறை புரோட்டோன் சாகாவை வெறும் கூடு வரைக்கும் பிரித்துத் திரும்பக் கட்டினார். 2018-இல் தொடங்கினார், 2021 கடைசியில் சாலைக்குக் கொண்டுவந்தார்.

பெயர்கள் வேண்டாம். அவரை அண்ணன் என்றே எழுதுகிறேன், நான் அவரைக் கூப்பிடுவதும் அப்படித்தான். நான் தொழிற்கல்லூரியில் வெல்டிங் சொல்லிக் கொடுப்பவன், வீடும் பக்கத்துத் தாமான் (குடியிருப்பு), அதனால் பாதி வேலை என் கண்முன்னே நடந்தது, சில இடங்களில் கையும் வைத்திருக்கிறேன். காசு, சட்டம், வீட்டுச் சண்டை எதையும் விடாமல் எழுதுகிறேன், ஏனென்றால் இந்த மாதிரி வேலை நின்றுபோவது பெரும்பாலும் அங்கேதான்.

பின்னணி

அண்ணனுக்கு அப்போது ஐம்பதைத் தாண்டிய வயது. லிஃப்ட் பராமரிப்பு டெக்னீஷியன், ஆகவே மின்சாரமும் இயந்திரமும் கைப்பழக்கம். அவருடைய அப்பா செந்தூல் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். அப்பா விட்டுப்போன ஸ்பேனர் பெட்டி வீட்டில் இருந்தது, காடி கட்டும் எண்ணத்துக்கே அந்தப் பெட்டிதான் காரணம் என்று அண்ணன் சொல்வார். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அந்தப் பெட்டியில் இருந்த ஸ்பேனர்கள் எல்லாம் பழைய வெள்ளைக்காரன் காலத்து விட்வொர்த் அளவு, சாகாவோ மிட்சுபிஷி வழியில் வந்த காடி, போல்ட் எல்லாம் மில்லிமீட்டர். ஒன்றுகூடப் பொருந்தவில்லை. பெட்டியில் உதவியது இரண்டு சுத்தியல், அரங்கள், இடைவெளி அளக்கும் ஒரு ஃபீலர் கேஜ், அவ்வளவுதான். புது ஸ்பேனர் செட் வாங்கினார்.

அண்ணி தமிழ்ப்பள்ளி ஆசிரியை. அவருக்குக் காடி மீது வெறுப்பு கிடையாது, போர்ச் போய்விடுமே என்ற கவலை இருந்தது. வீட்டுக்கு ஏற்கெனவே ஒரு மைவி காடி இருக்கிறது, அது மூன்று வருஷத்துக்கும் மேல் வெளியே வெயிலில் நின்றது. இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் வரும்.

முதல் ஆசையும் அதைக் கைவிட்டதும்

அண்ணன் முதலில் ஆசைப்பட்டது சாகா இல்லை. லோட்டஸ் செவன் மாதிரி கதவும் கூரையும் இல்லாத சின்னக் காடி, குழாய் வாங்கி வெட்டி ஒட்டி, ஆரம்பத்திலிருந்து தானே கட்டணும் என்பது ஆசை. காலின் சாப்மன் 1957-இல் கொண்டுவந்த அந்தக் காடியைப் பிரிட்டனில் உதிரிப் பாகங்களாகவே விற்றார்கள், அப்படி வாங்கினால் விற்பனை வரி இல்லை. ஒன்றுசேர்க்கும் வழிமுறை தரக்கூடாது என்று வரிக்காரர்கள் சொன்னதால், பிரிக்கும் வழிமுறையைக் கொடுத்து, கடைசியிலிருந்து படிச்சுக்கோ என்று விட்டார்களாம். இந்தக் கதையை அண்ணன் சொல்லாத ஆள் செந்தூலில் இல்லை.

இங்கே நிலைமை வேறு. மலேசியாவில் புதிதாக ஒரு வாகனம் பதிவாக வேண்டுமானால் அந்த மாடலுக்கே சாலைப் போக்குவரத்து இலாகாவின் ஒப்புதல் வேண்டும். தொழிற்சாலைக்கு அது சாத்தியம். கெப்போங்கில் புஃபோரி நிறுவனம் கையாலேயே காடி கட்டி விற்கிறது, ஆனால் அது பதிவுபெற்ற உற்பத்தியாளர். போர்ச்சில் ஒரே ஒரு காடி கட்டுபவனுக்கு அந்த வழி நடைமுறையில் மூடியது என்றே வைத்துக்கொள்ளலாம். கட்டி முடித்துவிட்டு நம்பர் பிளேட் இல்லாமல் வாசலில் வைத்துப் பார்க்க அண்ணனுக்கு இஷ்டம் இல்லை. "ஓடணும் தம்பி, பெட்ரோல் ஊத்திப் பசாருக்குப் போகணும், இல்லாட்டி அது பொம்மை" என்றார்.

ஆகவே முடிவு: ஏற்கெனவே பதிவான, கிராண்ட் (பதிவுச் சான்று) உள்ள ஒரு காடியை வாங்கி, கூடு வரைக்கும் பிரித்து, திரும்பக் கட்டுவது. சட்டப்படி அது பழைய காடியேதான். இதைக் "கட்டியது" என்று சொல்லலாமா என்று வாதாடுபவர்கள் உண்டு. கடைசி போல்ட் வரை கழற்றித் தரையில் பரப்பிய பிறகு மிச்சம் இருக்கும் தகட்டுக் கூட்டைப் பார்த்தவர்கள் வாதாட மாட்டார்கள்.

ஏன் சாகா, எந்தச் சாகா

டட்சன் 120ஒய், பழைய கொரோலா எல்லாம் யோசித்தார். இரண்டுக்கும் இப்போது சேகரிப்பாளர் விலை. சாகா 1985 ஜூலை 9-இல் வெளிவந்தது, ஷா ஆலாமில் தயாரானது, முதல் காடி இன்றும் தேசிய அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அந்தப் பெருமை ஒரு பக்கம் இருக்கட்டும், அண்ணனைச் சாகா பக்கம் இழுத்தது உதிரிப்பாகம்தான். லான்சர் ஃபியோரை அடிப்படையாக வைத்துச் செய்த காடி, அதே ஓரியன் குடும்ப எஞ்சின் பிறகு வந்த புரோட்டோன்களிலும் இருந்தது, எந்தச் சின்ன ஊர் ஸ்பேர்பார்ட் கடையிலும் கேஸ்கெட் கிடைக்கும்.

மூன்று காடி பார்த்தார். முதலாவது மலிவு, உடம்பும் நன்றாக இருந்தது, ஆனால் பதிவு இறந்துபோன ஒருவர் பெயரில், பிள்ளைகளுக்குள் சொத்து இன்னும் பிரிக்கவில்லை. விட்டுவிட்டார். இரண்டாவதில் எஞ்சின் நம்பர் கிராண்டில் இருப்பதோடு ஒத்துவரவில்லை, விற்பவர் "பின்னாடி பார்த்துக்கலாம்லா" என்றார். அதையும் விட்டார். மூன்றாவது ராவாங்கில், ஓய்வுபெற்ற ஒருவருடையது, 1.3, வெள்ளை, மாமரத்தடியில் நின்றது. சக்கரத்தைச் சுற்றிப் புல் முளைத்திருந்தது, ஆனால் உரிமையாளர் உயிரோடு இருந்தார், எஞ்சின் நம்பர், சேஸிஸ் நம்பர் இரண்டும் சரி. 1,500 வெள்ளிக்கு (ரிங்கிட்) முடிந்தது.

அப்புறம் அண்ணன் செய்த காரியத்தைத்தான் இந்த முழு வேலையிலும் ஆகச் சிறந்த முடிவு என்பேன். வாங்கிய கையோடு பிரிக்கத் தொடங்கவில்லை. பெயர் மாற்றத்துக்கு அப்போது வாகனச் சோதனை நிலையமான புஸ்பாகோமில் பி5 சோதனை வேண்டியிருந்தது, காடியை அங்கே நிறுத்தி நம்பர்களைக் காட்ட வேண்டும், பிறகு விற்பவரும் வாங்குபவரும் இலாகாவில் கைரேகை வைக்க வேண்டும் என்பது அப்போதைய நடைமுறை. ஆகவே ஒரு பேட்டரி, கார்புரேட்டர் சுத்தம், பெட்ரோல் டேங்க் கழுவல், நாலு பழைய டயர் என்று அப்போதைக்கு ஓடவைத்து, சோதனை முடித்து, பெயர் மாற்றிய பிறகே முதல் போல்டைக் கழற்றினார். அந்தச் செலவு வீண் என்று நானே சொன்னேன். அவர் கேட்கவில்லை, நல்லதாகப் போயிற்று. அடுத்த வருஷமே விற்ற பெரியவர் நோயில் படுத்துவிட்டார். கிராண்ட் அவர் பெயரிலேயே இருந்திருந்தால், கூடாகப் பிரித்துப் போட்ட காடியை வைத்துக்கொண்டு அண்ணன் என்ன செய்திருப்பார் என்று யோசிக்கவே பயம்.

பிரித்தபோது கண்டது

2019 தொடக்கத்தில் பிரித்தார். லோட்டஸ் கதையை மனதில் வைத்து, கழற்றுவதற்கு முன் ஒரு படம், கழற்றிய பின் ஒரு படம், போல்டுகள் தனித்தனிப் பிளாஸ்டிக் பையில், பைமேல் மார்க்கரில் எழுத்து. கடைசியிலிருந்து பார்த்தால் அதுவே கட்டும் வழிமுறை. இயந்திரப் பக்கம் இது அற்புதமாக வேலை செய்தது. வயரிங் பக்கம் செய்யவில்லை, ஏனென்றால் மஸ்கிங் டேப்பில் எழுதி ஒட்டிய அடையாளங்கள் நம் ஊர்ச் சூட்டில் பசை காய்ந்து ஒவ்வொன்றாக உதிர்ந்துவிட்டன, படத்தில் பார்த்தால் எல்லாம் கறுப்புத் துணி டேப் சுற்றிய ஒரே கயிறு.

துரு எதிர்பார்த்ததைவிட மோசம். முன் கண்ணாடிக்குக் கீழே, ஓட்டுநர் காலடித் தளம், பின்சக்கர வளைவு, எல்லாவற்றுக்கும் மேலாகக் கதவுகளுக்குக் கீழே இரு பக்கமும் ஓடும் பெட்டி போன்ற சட்டம். வெளியே சாயம் பளபளவென்று இருந்தது. நான் ஸ்க்ரூடிரைவரை வைத்து லேசாக அழுத்தினேன், மரி பிஸ்கட் மாதிரி உள்ளே போய்விட்டது, பின்னாலேயே மாமர இலைச் சருகும் ஈரமண்ணும் கொட்டியது. வடிகால் துளைகளை இலை அடைத்து, மழைத்தண்ணீர் உள்ளேயே தங்கியிருக்கிறது. வெளியிலிருந்து துரு பிடித்த காடியைவிட உள்ளிருந்து துரு பிடித்த காடி ஆபத்தானது, வாங்கும்போது கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

கதவு மூடாமல் போனது

இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், நிறையப் பேர் விழும் குழி இது.

இந்த வகைக் காடிக்குத் தனி சேஸிஸ் சட்டகம் கிடையாது, தகட்டுக் கூடே பாரத்தைத் தாங்குகிறது. கதவுக்குக் கீழே ஓடும் அந்தப் பெட்டிச் சட்டம்தான் நடுவில் உடம்பு தொங்கிவிடாமல் பிடிக்கிறது. அதை வெட்டி எடுக்குமுன் கதவு இடைவெளியில் குறுக்கே இரும்புக் குழாய் வைத்துத் தற்காலிகமாக ஒட்டிவிட வேண்டும், அப்போதுதான் அளவு நகராது. ஓட்டுநர் பக்கம் அப்படித்தான் செய்தோம். மறுபக்கம் செய்ய வேண்டிய வாரம் நான் ஈப்போவில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டேன். அண்ணனுக்குப் பொறுமை இல்லை, ஒரு பக்கம் பார்த்தாச்சே என்று கிரைண்டரை எடுத்துவிட்டார். குழாய் வைத்தார், ஆனால் மேலே ஒன்று மட்டும், குறுக்கே மூலைக்கு மூலை வைக்கவில்லை. புதுத் தகட்டை வைத்து முழுக்க வெல்டிங் முடித்துக் கதவை மாட்டினால் பூட்டு கொக்கியில் விழவே இல்லை, கிட்டத்தட்ட சுண்டுவிரல் அகலம் இறங்கியிருந்தது.

நான் வந்தபோது மனுஷர் கதவைத் திறந்து மூடி, திறந்து மூடி, ஒன்றும் பேசாமல் நின்றார். கொக்கியை இறக்கி மாட்டிச் சமாளிக்கலாம் என்று ஒரு போமன் (மெக்கானிக்) சொல்லியிருக்கிறார். செய்யலாம், கதவும் மூடும், யாருக்கும் தெரியாது. ஆனால் முன் கண்ணாடி உட்காரும் சட்டமும் அதோடு சேர்ந்து கோணியிருக்கும், பிறகு கண்ணாடி விரிசல், மழை ஒழுகல் என்று வரிசையாக வரும். இரண்டு நாள் யோசித்துவிட்டு, போட்ட வெல்டிங் முழுவதையும் அறுத்து எடுத்தார். நடுத் தூணுக்குக் கீழே ஜாக் வைத்து மெல்ல உயர்த்தி, ஓட்டுநர் பக்கக் கதவு இடைவெளியின் மூலைவிட்ட அளவை டேப்பில் எடுத்து இந்தப் பக்கம் ஒத்துவரும்வரை நகர்த்தி, சதுரக் குழாயைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி, அதன்பிறகு தகடு. தகடு ஒரு மில்லிமீட்டர் கூட இல்லாத மெல்லிசு, தொடர்ச்சியாக ஓட்டினால் சூட்டில் அலைஅலையாக நெளியும். அதனால் இங்கே ஒரு புள்ளி, ஓர் அடி தள்ளி ஒரு புள்ளி, ஆறவிட்டு மறுபடியும். ஒரு பக்கத்தை முடிக்கவே மாதக்கணக்கு.

அந்தக் கதவு இப்போது ஒரே விரலில் மூடுகிறது, 'டக்' என்று ஒரு சத்தம். வீட்டுக்கு வருகிறவர்களிடம் அண்ணன் எஞ்சினைக் காட்டுவதற்கு முன் இந்தக் கதவைத்தான் மூடிக் காட்டுகிறார். அவர்களுக்கு அதில் என்ன இருக்கிறது என்று புரிவதில்லை.

எஞ்சின், முடக்கக் காலம்

ஹாஃப்-கட் கடையில் (பாதியாக வெட்டி வரும் பழைய காடிகளை விற்கும் கடை) ஜப்பானிலிருந்து வந்த பெரிய எஞ்சின் ஒன்றை இறக்கிவிடலாம் என்று நண்பர்கள் தூண்டினார்கள். குதிரைசக்தி இரண்டு மடங்கு, விலையும் கட்டுப்படியாகும். அண்ணனுக்கும் ஆசைதான். ஆனால் எஞ்சின் மாற்றினால் இலாகாவின் அனுமதி, சோதனை, கிராண்டில் திருத்தம், கூடவே பிரேக்கையும் சஸ்பென்ஷனையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். 1.3-க்குச் சாலை வரி 70 வெள்ளி, அதுவே போதும் என்று பழைய 4ஜி13 எஞ்சினையே பிரித்தார். எனக்கு இதில் மாற்றுக் கருத்து இல்லை. எஞ்சின் மாற்றத்தில் தொடங்கி அனுமதி கிடைக்காமல் போர்வைக்குள் கிடக்கும் காடிகளை எனக்குத் தெரியும்.

71 மில்லிமீட்டர் துளை, 82 மில்லிமீட்டர் வீச்சு, நாலு சிலிண்டர். அளந்தபோது துளைகள் மேல்பக்கம் தேய்ந்திருந்தன. ஜாலான் சான் சோவ் லின் பக்கம் ஒரு கடையில் துளையைப் பெரிதாக்கி, ஓவர்சைஸ் பிஸ்டனுக்கு ஏற்பக் கடைந்து வாங்கினார். வாங்கிவந்த சில நாளில், 2020 மார்ச் 18, கொரோனாவுக்கான நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை. கடைகள் எல்லாம் மூடல்.

பலருக்கு வேலை நின்றது அப்போதுதான். இவருக்கு எஞ்சின் பிளாக்கும் பிஸ்டனும் பேரிங்கும் வீட்டுக்குள் இருந்ததால் வேலை நடந்தது. சாப்பாட்டு மேசையில் பழைய படுக்கை விரிப்பைப் போட்டு எஞ்சின் கட்டினார். அம்மா, எண்பது வயதைத் தாண்டியவர், எதிரே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே, "உங்கப்பா ரயில் எஞ்சினையே வீட்டுக்குக் கொண்டுவரலியேடா" என்றாராம். பிஸ்டன் ரிங் ஒவ்வொன்றையும் துளைக்குள் இறக்கி, வாய் இடைவெளியை அப்பாவின் அந்த ஃபீலர் கேஜால் அளந்து, தாளில் எழுதி வைத்தார். அந்தத் தாள் இன்றும் இருக்கிறது.

முதல் தடவை ஸ்டார்ட் செய்தபோது பிடிக்கவில்லை. கார்புரேட்டர் வழியே ஒரு வெடி, வாசல் கேட்டுக்கு ஓடிய பூனை அன்று திரும்பவில்லை. காரணம் எளியது. நாலு வீச்சு எஞ்சினில் முதல் பிஸ்டன் உச்சிக்கு இரண்டு முறை வரும், அழுத்தத்தின்போது ஒன்று, புகை வெளியேறும்போது ஒன்று. முன்பக்கப் புல்லியின் குறியை மட்டும் பார்த்தால் எது எதுவென்று தெரியாது. அவர் தவறான உச்சியை வைத்து டிஸ்ட்ரிபியூட்டர் வயர்களை வரிசைப்படுத்தியிருந்தார். 1-3-4-2 வரிசை சரிதான், தொடங்கிய இடம்தான் நேரெதிர். வால்வு மூடியைக் கழற்றி, முதல் சிலிண்டரின் இரண்டு ராக்கரும் தளர்வாக ஆடுகிறதா என்று பார்த்தபோது குட்டு உடைந்தது. வயர்களை மாற்றிச் சொருகியதும் பிடித்துவிட்டது. மேசையில் கட்டிய எஞ்சின் முதன்முதலாக ஓடும் அந்தச் சத்தத்தை நான் போனில் பதிவு செய்தேன், அதில் எஞ்சினைவிட அண்ணன் சிரிப்புதான் அதிகம் கேட்கிறது.

எல்லாம் நானே என்ற பிடிவாதம்

ஆரம்பத்தில் அண்ணன் ஒரு விதி வைத்திருந்தார், வேறு யாரும் தொட்டால் அது என் காடி ஆகாது என்று. எஞ்சின் கடைசலுக்கு வெளியே கொடுத்ததையே மனத்தாங்கலோடுதான் கொடுத்தார். சாயம் மட்டும் நானே அடிப்பேன் என்று ஒரு கம்ப்ரசரும் ஸ்பிரே கன்னும் வாங்கி, போர்ச்சைத் தார்ப்பாலினால் மூடி, ஒரு கதவுக்கு மட்டும் அடித்துப் பார்த்தார். கதவில் கொசு ஒட்டியது, சாயத்தில் ஈரம் ஏறி வெண்மூட்டம் போட்டது. தார்ப்பாலின் இடைவெளியில் பறந்த தூசி பக்கத்து வீட்டுக் கறுப்புக் காடி மேல் படிந்து, அவர்களுக்குப் பாலிஷ் செலவைக் கொடுக்க வேண்டியதாயிற்று. அதோடு அண்ணி பேச்சை நிறுத்தினார். பேச்சில்லாமல் போனதே பேசியதைவிடக் கடுமையாக இருந்தது என்று அண்ணன் சொன்னார்.

கிட்டத்தட்ட அரை வருஷம் வேலை நின்றது இந்த இடத்தில்தான், கொரோனாவால் இல்லை. காடியைப் பார்க்கவே பிடிக்காமல் கூட்டை மூடி வைத்துவிட்டார். மூன்று விஷயங்கள் அவரைத் திரும்பக் கொண்டுவந்தன என்று நினைக்கிறேன்: வேலைகளை ஒரு தாளில் எழுதி, எதற்குத் தூசியில்லாத அறையும் பெரிய இயந்திரமும் வேண்டுமோ அதை மட்டும் வெளியே தருவது என்று பிரித்தது, அண்ணி மாதத்துக்கு இவ்வளவுதான் என்று ஒரு தொகை வைத்தது, அப்புறம் 2021-இல் கெத்தோக் கடைத் (தகடு தட்டிச் சாயம் அடிக்கும் கடை) தவுக்கே (முதலாளி) ஒருவர், அண்ணனே தட்டிப் புட்டி போட்டுத் தயார் செய்த கூட்டைப் பார்த்துவிட்டு, "இது யார் செஞ்சது?" என்று உண்மையாகவே கேட்டது. சாயம் அந்தக் கடையில்தான் அடித்தார்கள். நிறம் மாற்றினால் இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டும், ஆகவே பழைய வெள்ளையே. பிரேக் குழாய்கள், சஸ்பென்ஷன், வயரிங், உள்ளலங்காரம் எல்லாம் மறுபடி போர்ச்சில், அண்ணன் கையால்.

வயரிங்குக்கு மகள் உதவினாள். டேப் அடையாளம் போன பிறகு மல்டிமீட்டரை வைத்து ஒவ்வொரு கம்பியாகத் தேடி, நிறமும் முனையும் எழுதி அவளே கணினியில் ஓர் அட்டவணை போட்டாள். மகனுக்கு இதில் துளி ஆர்வம் இல்லை, கடைசிவரை வரவும் இல்லை. அதில் ஒன்றும் தப்பில்லை.

முடிந்த பிறகு

2021 டிசம்பர் வாக்கில் சாலைக்கு வந்தது. கோயிலில் பூசை, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், உலு யாம் சாலையில் மெதுவாக ஒரு சுற்று. செலவு, கருவிகளைச் சேர்க்காமல், சுமார் 18,000 வெள்ளி. அண்ணி கணக்குப் புத்தகத்தில் எழுதிவைத்ததால் தெரியும், இல்லாவிட்டால் அண்ணன் பத்தாயிரம் என்றே சொல்லிக்கொண்டிருப்பார். காப்புறுதி அவருக்குக் கிடைத்தது மூன்றாம் தரப்பு மட்டும். யாராவது இடித்தாலோ திருடினாலோ போட்ட காசு போனதுதான்.

நான் எதிர்பார்க்காத ஒன்று இங்கே நடந்தது. கட்டும்போது ஒவ்வொரு சனிக்கிழமையும் எண்ணெய்க் கையோடு உற்சாகமாக இருந்த மனுஷர், காடி முடிந்ததும் வாடிப்போனார். ஓட்டவே பயம். மாலில் நிறுத்தினால் பக்கத்துக்காரன் கதவு இடிக்கும், மழையில் எடுத்தால் துரு, வெயிலில் வைத்தால் டேஷ்போர்டு வெடிக்கும். மாதக்கணக்கில் போர்வைக்குள் இருந்தது, ஞாயிறு காலையில் மட்டும் ஸ்டார்ட் செய்து அணைப்பார். கட்டுவதில் கிடைக்கும் திருப்தி ஒன்று, அதை வைத்து ஆள்வதில் கிடைக்கும் திருப்தி வேறொன்று, முதலாவது வந்தால் இரண்டாவது தானாக வரும் என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். அப்படி வரவில்லை. கட்டும்போது தப்பு நடந்தால் அறுத்துவிட்டு மறுபடி ஒட்டலாம் என்ற தைரியம் இருந்தது, முடிந்த காடி மேல் அதே மனுஷருக்கு அந்தத் தைரியம் இல்லை.

அதை மாற்றியது செந்தூல் பசார். மைவி சர்வீஸுக்குப் போன ஒரு நாள், வேறு வழியில்லாமல் அண்ணி சாகாவை எடுக்கச் சொல்லியிருக்கிறார். மீன் வாங்கித் திரும்பி வந்தால் பின் பம்பரில் யாரோ மோட்டார்சைக்கிள் கைப்பிடியால் ஒரு நீளக் கோடு. அண்ணன் குனிந்து விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "சரி, இது பாலிஷ்ல போயிடும்" என்றாராம், அவ்வளவுதான். அன்று மாலையே அம்மாவை முன்சீட்டில் உட்காரவைத்துப் பத்துமலை வரைக்கும் போய்வந்தார்.

அதன்பிறகு வாரத்தில் சில நாள் வேலைக்கே அதில் போகிறார். ஜாலான் கூச்சிங் நெரிசலில் ஒருநாள் சூடு ஏறியது, பானெட்டைத் திறந்து விசிறிச் சுவிட்சின் இணைப்பு தளர்ந்ததைக் கண்டு, இறுக்கிவிட்டுக் கிளம்பினார். பின்னால் நின்றவர் ஹாரன் அடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்தது என்று சொல்லிச் சிரிக்கிறார். மைவியில் ஒரு விளக்கு எரிந்தால் இன்னும் சர்வீஸ் சென்டருக்குத்தான் போன் செய்கிறார். பெட்ரோல் நிலையத்தில் ஒருவர் 15,000-க்குக் கேட்டாராம், கொடுக்கவில்லை. கொடுத்திருக்கலாம் என்று அண்ணி சொன்னார், ஆனால் சாவியை மாட்ட வாசலில் ஆணி அடித்தது அண்ணிதான்.

மறுபடி செய்தால் எதை மாற்றுவோம்

அண்ணனிடம் கேட்டு எழுதியவை இவை, என் கருத்தும் கொஞ்சம் கலந்திருக்கிறது.

பெயர் மாற்றிவிட்டுப் பிரித்ததை மாற்ற மாட்டார். வாங்கும்போது வடிகால் துளைகளையும் கதவுக்கடிச் சட்டத்தையும் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்திருப்பார், விலை இன்னும் இறங்கியிருக்கும், அல்லது வேறு காடி தேடியிருப்பார். குறுக்குக் குழாய் இல்லாமல் கிரைண்டரை எடுக்க மாட்டார், யார் கல்யாணம் என்றாலும்.

வயர் அடையாளத்துக்கு மஸ்கிங் டேப் வேண்டாம், எழுதி ஒட்டும் பிளாஸ்டிக் டை வேண்டும், கழற்றும் அன்றே அட்டவணை போட வேண்டும். இந்த ஒன்றே இரண்டு மாத வேலையை மிச்சப்படுத்தியிருக்கும்.

சாயத்தை முதலிலேயே வெளியே கொடுத்திருப்பார். இதில் எனக்கு ஒரு சின்ன முரண்பாடு: அந்த ஒரு கதவை அடித்துப் பார்க்காமல் இருந்திருந்தால், கொடுக்கும்போது அவருக்கு மனம் ஒப்பியிருக்காது என்று நினைக்கிறேன். பக்கத்து வீட்டுக் காடி இல்லாத இடத்தில் அடித்துப் பார்த்திருக்கலாம்.

போர்ச் விஷயத்தில் அண்ணியோடு முதல் நாளே பேசியிருக்க வேண்டும் என்கிறார். மைவி வெயிலில் நின்ற காலத்தில் அதன் ஹெட்லைட் மஞ்சளித்துப்போனது, கூரைச் சாயம் வெளிறியது. அந்தச் செலவைச் சாகா கணக்கில்தான் எழுதியிருக்கிறார் அண்ணி, நியாயமான கணக்குதான். மாதத் தொகை என்ற ஏற்பாட்டை மூன்றாம் வருஷம் இல்லாமல் முதல் மாதமே வைத்திருந்தால், நின்றுபோன அந்த அரை வருஷம் வந்திருக்காது என்பது அண்ணியின் கருத்து. அண்ணன் அதை மறுக்கவில்லை.

கடைசியாக, காடி முடிவதற்கு முன்பே அதை எங்கே, எதற்கு, வாரத்தில் எத்தனை நாள் எடுப்பது என்று முடிவு செய்து வைத்திருப்பாராம். சாயக் கடையிலிருந்து வந்த அதே வாரத்தில் பசாருக்கு ஒரு தடவை எடுத்துப் போயிருப்பேன் என்கிறார், மழையோ வெயிலோ.